டார்க் ரெஞ்சை எதை வைத்து நம்புவது? சேலம் பைக் பட்டறை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

கோரிமேட்டைத் தாண்டி ஏற்காடு அடிவாரத்துக்குப் போகிற சாலையில் உள்ள ஒரு பைக் பட்டறையில் நடந்தது இது. உரிமையாளர் இரண்டாம் தலைமுறை மெக்கானிக். அவருக்குக் கீழே நீண்ட நாள் அனுபவமுள்ள மூத்த மெக்கானிக் ஒருவரும், ஐடிஐ முடித்து வந்த இளைஞர் ஒருவரும் வேலை செய்கிறார்கள். நான் சேலத்தில் ஒரு தொழிற்சாலையின் தர ஆய்வுப் பிரிவில் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொண்டவன், அந்தப் பட்டறைக்குப் பழைய வாடிக்கையாளன். உரிமையாளரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் கருவிகளின் பிராண்டும் இதில் இல்லை.

பட்டறை எந்த இடத்தில் இருக்கிறது என்பது இந்த விஷயத்தில் முக்கியம். ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கிவரும் வண்டியில் பிரேக்குக்கு ஓய்வே கிடையாது. டிஸ்க் சூடேறி ஆறும், பேட்களை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பர் அதிரும், சுமாராக இறுக்கிய போல்ட் மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும். ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டியில் வருடக்கணக்கில் தெரியாத குறை இந்த மலையில் சில நாட்களிலேயே வெளியே வந்துவிடும். எஸ்டேட் வேலைக்குத் தினமும் ஏறி இறங்குகிறவர்களும் வார இறுதியில் வரும் பயணிகளும்தான் இந்தப் பட்டறையின் பாதி வாடிக்கையாளர்கள்.

போல்ட்டை எவ்வளவு முறுக்கில் இறுக்குகிறோம் என்று அளக்கும் டார்க் ரெஞ்சுகள் பட்டறையில் நான்கு இருந்தன. முதலாவது, ஆன்லைனில் மலிவாக வாங்கிய அரை இன்ச் (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு) கிளிக் ரெஞ்ச், அதாவது வைத்த முறுக்கு வந்ததும் 'டக்' என்று சொல்லும் வகை. அளவு 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் (முறுக்கின் அலகு) வரை. இரண்டாவது, பெயர்பெற்ற பிராண்டின் 3/8 இன்ச் கிளிக் ரெஞ்ச், 10 முதல் 60 வரை. நல்ல விலை கொடுத்து வாங்கியது, பட்டறையின் செல்லப்பிள்ளை. மூன்றாவது, 5 முதல் 25 வரையிலான கால் இன்ச் ரெஞ்ச், இதுவும் ஆன்லைன். நான்காவது, உரிமையாளரின் அப்பா காலத்து ஊசி ரெஞ்ச்: கிலோகிராம் மீட்டரில் கோடு போட்ட தகடும் அதன்மேல் நீளமான ஒரு முள்ளும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. அது சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் தொடுவதில்லை.

## நடந்தது

ஏற்காட்டில் கோடை விழா முடிந்த கையோடு பட்டறைக்கு வேலை குவிந்த நேரத்தில் இரண்டு சம்பவங்கள் அடுத்தடுத்து நடந்தன.

முதல் சம்பவத்தில் ஒற்றை சிலிண்டர் வண்டி ஒன்றுக்கு ஷிம் என்ற சிறு தகட்டை மாற்றி எஞ்சின் வால்வின் இடைவெளியைச் சரிசெய்தார்கள். கேம்ஷாஃப்ட் ஹோல்டரைத் திரும்பப் பூட்டும்போது 6 மி.மீ. போல்ட் ஒன்று எஞ்சினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டில் மரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருந்த அளவு 10 நியூட்டன் மீட்டர். கால் இன்ச் ரெஞ்சில் 10 வைத்துத்தான் இறுக்கியிருக்கிறார்கள். மூத்த மெக்கானிக் சொன்னது இதுதான்: "கிளிக் வரலைங்கண்ணா. வரும் வரும்னு இழுத்தேன். திடீர்னு கை லேசாயிடுச்சு."

இரண்டாவது இதைவிடக் கவலைக்குரியது. எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒருவர், முன் டிஸ்க் பேட் மாற்றிக்கொண்டு போன சில வாரங்களில், மலையிலிருந்து இறங்கும்போது முன்சக்கரத்தில் கடகடவென்று சத்தம் கேட்டு வண்டியை ஓரங்கட்டினார். காலிப்பரைத் தாங்கும் இரண்டு போல்ட்டுகளில் மேல் போல்ட்டை விரலாலேயே திருப்ப முடிந்தது. கையால் முடிந்தவரை இறுக்கிவிட்டு, முன் பிரேக்கைத் தொடாமல் இரண்டாம் கியரிலேயே இறங்கி நேராகப் பட்டறைக்கு வந்தார். அடிபடவில்லை. அந்தப் போல்ட்டுக்குப் புத்தகம் சொன்னது 30 நியூட்டன் மீட்டர். இறுக்கியது அந்தச் செல்லப்பிள்ளை 3/8 இன்ச் ரெஞ்ச்.

உரிமையாளரின் முதல் சந்தேகம் இளைஞர்மேல். பேட் மாற்றியது அவர்தான். ஒரு போல்ட் அதிகமாக இறுகி மரை போனது, இன்னொன்று இறுகாமல் கழன்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கவனக்குறைவு மாதிரிதான் தெரியும். ஆனால் வேலை செய்த ஆளும் வேறு, ரெஞ்சும் வேறு. இரண்டு பேருமே ரெஞ்சில் சரியான எண்ணை வைத்ததாக உறுதியாகச் சொன்னார்கள். ஆளை விசாரிப்பதற்கு முன்னால் கருவியை விசாரிக்கலாம் என்று கேட்டுக்கொண்டேன். உரிமையாளர் ஒப்புக்கொண்டார்.

## முதலில் பார்த்தது: கையும் பழக்கமும்

சோதனைக்கு முன் அவர்கள் வேலை செய்யும் விதத்தைச் சும்மா உட்கார்ந்து பார்த்தேன். சில விஷயங்கள் உடனே தெரிந்தன.

மூத்த மெக்கானிக் ஒரு கிளிக்கோடு நிறுத்துவதில்லை. 'டக்' என்றதும், நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு தரம் இழுப்பார். அதற்குள் போல்ட் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பிவிடும். 6 மி.மீ. போல்ட்டில் அந்தக் 'கொஞ்சம்' சாதாரணமல்ல. அவர் போல்ட் மரையில் எஞ்சின் ஆயில் தொட்டுத்தான் பூட்டுவார். இறுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்கு அடியில் உராய்விலும், இன்னொரு நாற்பது சதவீதம் மரையின் உராய்விலும் போய்விடும். மீதி பத்து சதவீதம்தான் போல்ட்டை நீட்டி இழுத்துப் பிடிக்கிறது. எண்ணெய் விட்டால் உராய்வு குறையும். அதே 10 நியூட்டன் மீட்டரில் போல்ட்டின்மேல் விழும் இழுவை கூடும். புத்தகம் எண்ணெய் விடச் சொல்லும் இடங்களில் அந்த எண்ணே எண்ணெயைக் கணக்கில் எடுத்துத்தான் கொடுக்கப்பட்டிருக்கும். இந்த வண்டியின் புத்தகம் அங்கே எண்ணெய் விடச் சொல்லவில்லை.

இளைஞர் நேர்மாறு. மெதுவாக இழுத்தார், ஒரே கிளிக்கில் நிறுத்தினார், பிடியின் நடுவில் கை வைத்தார். ஐடிஐயில் சொல்லிக்கொடுத்தபடி அப்படியே செய்தார். ஆக, சந்தேகப்பட்ட கையில்தான் ஒழுங்கு இருந்தது.

3/8 இன்ச் ரெஞ்ச் அன்று டிராயரிலிருந்து எடுக்கும்போது 45-ல் நின்றது. எப்போதும் கடைசி வேலையின் எண்ணிலேயே வைத்துவிடுவார்களாம். இறுகிப்போன நட்டைக் கழற்றவும் அதையே எடுப்பதுண்டு. கைக்கு வாட்டமாக இருக்கிறது என்றார் மூத்தவர்.

பெட்டிகளையும் பார்த்தேன். கால் இன்ச் ரெஞ்சின் பெட்டிக்குள் 'சோதனைச் சான்று' என்று ஒரு சீட்டு இருந்தது. ரெஞ்சின்மேல் வரிசை எண்ணே இல்லை. பிறகு அந்தச் சீட்டு எந்த ரெஞ்சுக்கு உரியது? எந்தக் கருவியில் அளந்தார்கள், எந்தத் தேதியில் அளந்தார்கள் என்பதும் அதில் கிடையாது. ஐஎஸ்ஓ 6789 என்று பெரிதாக அச்சிட்டிருந்தது, அவ்வளவுதான். அது டார்க் ரெஞ்சுகளுக்கான சர்வதேசத் தரம். எண்ணை மாற்றி வைக்கும் கிளிக் ரெஞ்சுகளுக்கு அது அனுமதிக்கும் பிழை, ரெஞ்சின் உச்ச அளவு 10 நியூட்டன் மீட்டர் வரை என்றால் கூடக் குறைய 6 சதவீதம், அதற்கு மேல் என்றால் 4 சதவீதம். சோதிக்க வேண்டிய புள்ளிகள் ரெஞ்சின் உச்ச அளவில் 20, 60, 100 சதவீதம். இதைச் செய்திருந்தால் எண்களைக் காட்டாமல் மறைக்க எந்தக் காரணமும் இல்லை.

## எடை தொங்கவிட்டுச் சோதித்தது

பட்டறையில் இருப்பதை வைத்தே ஒரு சோதனை அமைத்தோம். அறுகோணக் கம்பித் துண்டு ஒன்றை, மேசையில் பொருத்திய பிடிகருவியான வைஸில் படுக்கை வாட்டத்தில் இறுக்கி, வெளியே நீட்டிய முனையில் சாக்கெட்டை மாட்டி, ரெஞ்சைத் தரைக்கு இணையாக நிறுத்தினோம். பிடியின் நடுவில் கை படும் கோட்டில் மெல்லிய கம்பி வளையம். அதில் எடை. முறுக்கு என்பது எடையை ஈர்ப்பாலும் தூரத்தாலும் பெருக்கி வருவது. சேலத்தில் ஈர்ப்பு முடுக்கம் சுமார் 9.78. புத்தகத்து 9.81-ஐப் போட்டாலும் வித்தியாசம் 0.3 சதவீதம்தான், நாங்கள் தேடிய பிழைக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

எடைக்கற்கள் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டியிலிருந்து வந்தன; முத்திரை போட்ட இரும்பு எடைகள். சில்லறை எடைகளுக்கு உரிமையாளரின் உறவினர் ஒருவரின் வெள்ளிப் பட்டறை கைகொடுத்தது. கொலுசுக்கு வெள்ளி நிறுக்கும் எலெக்ட்ரானிக் தராசில் எல்லா எடைகளையும் ஒருமுறை போட்டுச் சரிபார்த்துக்கொண்டோம்.

இந்தச் சோதனையைச் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டிய மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ரெஞ்சின் சொந்த எடை. 3/8 இன்ச் ரெஞ்ச் 700 கிராம் இருந்தது. கத்தி முனையில் வைத்துப் பார்த்தபோது சதுர முனையிலிருந்து 14 சென்டிமீட்டரில் சமநிலை கண்டது. எடை எதுவும் தொங்கவிடாமலே அது கிட்டத்தட்ட 1 நியூட்டன் மீட்டர் முறுக்கைக் கொடுக்கிறது. 12 நியூட்டன் மீட்டரைச் சோதிக்கும்போது இதை விட்டுவிட்டால் எட்டு சதவீதம் தப்பாகிவிடும். இரண்டு, எடையைப் போட்டால் ரெஞ்ச் அதிர்ந்து முன்னதாகவே கிளிக் ஆகிவிடும். வைக்க வேண்டும், விழவிடக் கூடாது. எதிர்பார்க்கும் அளவுக்குச் சற்றுக் கீழே வரை பெரிய எடைகள், அதன்பின் 100 கிராம், 50 கிராமாக ஏற்ற வேண்டும். மூன்று, கிளிக் ஆனதும் பிடி சட்டென்று இறங்கும். எடைக்கு அடியில் மரக்கட்டை வைக்காவிட்டால் எல்லாம் கால்மேல்தான் விழும்.

எண்ணைக் கீழிருந்து மேலே ஏற்றித்தான் வைத்தோம், மேலிருந்து இறக்கி வைக்கவில்லை. ஒவ்வொரு ரெஞ்சையும் முதலில் உச்ச அளவில் சில தரம் கிளிக் செய்ய வைத்தோம். உள்ளே கிரீஸ் உறைந்து கிடக்கும் ரெஞ்சின் முதல் கிளிக்கை நம்ப முடியாது.

## கண்டது

கால் இன்ச் ரெஞ்சில் 10 வைத்தபோது அது ஒருமுறை 11.6-ல் கிளிக் ஆனது, அடுத்து 13.1-ல், பிறகு 12.2-ல். ஒருமுறை 15 தாண்டியும் கிளிக் வரவில்லை, எடையை இறக்கிவிட்டோம். 20 வைத்தால் 20.4-க்கும் 21-க்கும் இடையில் ஓரளவு ஒழுங்காக வந்தது. உச்சத்துக்குப் பக்கத்தில் நல்லபிள்ளை, 6 மி.மீ. போல்ட்டுக்குத் தேவையான இடத்தில் தறிகெட்டது. மரை போன காரணம் இத்தோடு துலங்கிவிட்டது: கிளிக் வராத ரெஞ்ச், எண்ணெய் விட்ட மரை, ஏற்கெனவே பல தரம் கழற்றிப் பூட்டிய அலுமினியம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரு ரெஞ்ச் எப்போதும் ஒரே அளவு தப்பாக இருந்தால் அதைத் திருத்த முடியும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறாகச் சொல்லும் ரெஞ்சை எந்தத் திருகாலும் திருத்த முடியாது. வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, ஒரே எண்ணில் வைத்து ஐந்தாறு தரம் இழுத்தால் ஒரே இடத்தில் கிளிக் ஆகிறதா என்பதைத்தான்.

3/8 இன்ச் ரெஞ்ச் வேறு மாதிரி. 30 வைத்தால் 24.3-லிருந்து 24.8-க்குள் ஒவ்வொரு தடவையும் கிளிக். சத்தமும் அழகு, உணர்வும் திடம். 60 வைத்தால் 54.5 வாக்கில். 12 வைத்தால் 6.5. மூன்று இடத்திலும் ஏறக்குறைய அதே 5.5 குறைவு. சதவீதமாகப் பார்த்தால் 60-ல் 9, 30-ல் 18, 12-ல் 46. உச்ச அளவில் மட்டும் சோதித்திருந்தால் 'கொஞ்சம் தள்ளியிருக்கிறது' என்று விட்டிருப்போம்.

எல்லா இடத்திலும் ஒரே அளவு குறைவதுதான் துப்பு. கிளிக் ரெஞ்சின் பிடிக்குள் ஒரு ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்திருக்கிறது. நாம் திருப்பி வைக்கும் எண் அந்த ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்குகிறோம் என்பதுதான். வருடக்கணக்கில் 45, 50 என்று அமுக்கியே டிராயரில் போட்டால் ஸ்பிரிங் தளர்ந்து நீளத்தில் கொஞ்சம் குறையும். அதன்பின் எந்த எண்ணில் வைத்தாலும் அந்தக் குறைவு கூடவே வரும். வேலை முடிந்ததும் அளவுகோலின் மிகக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வை என்று தயாரிப்பாளர்கள் சொல்வது இதற்காகத்தான். (அதற்கும் கீழே இறக்கி முழுக்கத் தளர்த்துவதும் தப்பு, உள்ளே உள்ள பாகங்கள் இடம் மாறிவிடும்.)

ஆனால் காலிப்பர் போல்ட் கழன்ற பழி முழுவதையும் இந்த ரெஞ்சின்மேல் போட முடியாது. அந்தப் போல்ட்டின் மரையில் கம்பெனியில் தடவிய பசை தேய்ந்து போயிருந்தது. கழற்றினால் புதுப் போல்ட் போடு என்று புத்தகம் சொல்கிறது. பழையதையே, புதிதாகப் பசை தடவாமல் பூட்டியிருக்கிறார்கள். 24 நியூட்டன் மீட்டரோடு அந்தப் பசை இருந்திருந்தால் ஒருவேளை தாங்கியிருக்கும். 30 நியூட்டன் மீட்டர் மட்டும் இருந்திருந்தாலும் தாங்கியிருக்கலாம். இரண்டும் இல்லை, மேலே 20 வளைவுகள் வேறு.

மலிவு அரை இன்ச் ரெஞ்ச்தான் எல்லோரையும் ஆச்சரியப்படுத்தியது. பின் ஆக்சிலுக்கு அவர்கள் வைக்கும் 90-ல் அது 88-க்கும் 91-க்கும் இடையில் நின்றது. 30-ல் வைத்தால் கிளிக்கே கைக்குத் தெரியவில்லை. விலையைப் பார்த்து அதைத் தூக்கிப் போட்டிருந்தால் நல்ல வேலைக்காரனை இழந்திருப்போம். அதன் இடம் அளவுகோலின் நடுப்பகுதி.

கடைசியாக ஆணியில் தொங்கிய ஊசி ரெஞ்ச். அதன் உள்ளே ஸ்பிரிங் இல்லை, தேய இடமில்லை. ஒரு எஃகுக் கம்பி வளைகிறது, வளையாத முள் அதைக் காட்டுகிறது. முள் பூச்சியத்தில் நிற்கிறதா, முள்ளும் கம்பியும் உரசாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். எடை தொங்கவிட்டபோது 3 கிலோகிராம் மீட்டர் கோட்டில், கண்ணுக்குத் தெரிந்த மட்டில், சரியாக நின்றது. அரைக் கிலோ இடைவெளியில்தான் கோடுகள் என்பதால் 6 மி.மீ. போல்ட்டுக்கு ஆகாது. காலிப்பர், ஆக்சில் போன்றவற்றுக்கு அது அன்று பட்டறையிலேயே நம்பகமான அளவுகோலாக இருந்தது.

மூத்த மெக்கானிக் இவ்வளவு நேரமும் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். "என் கைக்குத் தெரியாதாங்கண்ணா?" என்றார். கேட்டதில் நியாயம் இருந்தது. பழைய எஞ்சின் கேஸ் ஒன்றில் சாதாரண ஸ்பேனரால் 8 மி.மீ. போல்ட்டையும் 6 மி.மீ. போல்ட்டையும் அவர் கைக்கணக்கில் இறுக்கச் சொன்னோம். போல்ட் எந்த முறுக்கில் அசைகிறது என்று பிறகு அளந்தோம். 8 மி.மீ. போல்ட்டில் அவர் கை வியக்கத்தக்க அளவு சரி. 6 மி.மீ.-ல் ஒவ்வொரு தடவையும் கூடவே போனது. சிறிய போல்ட்டில் 10-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசத்தைக் கைக்குச் சொல்ல போதிய எதிர்ப்பு இல்லை. அவர் அந்த எண்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சரிங்க, சின்ன போல்ட்டுக்கு ரெஞ்ச் வேணும்" என்றார்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு வாடிக்கையாளர்கள் பற்றியது. அந்த 3/8 இன்ச் ரெஞ்சால் பிரேக் வேலை செய்த வண்டிகளை ஜாப் கார்டு பார்த்துத் திரும்ப அழைப்பது. உரிமையாளர் தயங்கினார், சீசன் நேரம், பெயர் கெட்டுவிடுமோ என்ற பயம். ஆனால் மலையில் இறங்குகிற வண்டியின் முன் பிரேக் விஷயத்தில் வேறு வழியில்லை என்று அவரே முடிவுக்கு வந்தார். இளைஞர் உட்கார்ந்து கார்டுகளைப் பிரித்துப் போன் செய்தார். வந்த வண்டிகளில் போல்ட் தலையிலும் அதை ஒட்டிய பாகத்திலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போட்டு, ஊசி ரெஞ்சால் இறுக்கும் திசையில் மெதுவாக இழுத்து, கோடு விலகும் கணத்தில் முள் எங்கே இருக்கிறது என்று பார்த்தோம். முதலில் இறுக்கிய அளவை இது துல்லியமாகச் சொல்லாது. மோசமாகத் தளர்ந்ததைக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலானவை அசையவில்லை. சிலவற்றில் முள் 2-ஐத் தொடும் முன்பே கோடு விலகியது. எல்லாவற்றுக்கும் புதுப் போல்ட் போட்டு, 3 கிலோகிராம் மீட்டரில், அதாவது ஏறக்குறைய 30 நியூட்டன் மீட்டரில், ஊசி ரெஞ்சாலேயே இறுக்கினார்கள். கட்டணம் வாங்கவில்லை. மரை போன ஹெட்டுக்கு ஹெலிகாயில் (புது மரையாக நிற்கும் கம்பிச் சுருள்) போட்டுக் கொடுத்ததும் பட்டறைச் செலவில்தான்.

3/8 இன்ச் ரெஞ்ச் பற்றி ஒரு விவாதம் நடந்தது. "அஞ்சரை கூட வச்சு இறுக்கிட்டா போச்சு, எதுக்கு சார் செலவு?" என்றார் உரிமையாளர். இன்று 5.5, தளரும் ஸ்பிரிங் அடுத்த வருடம் எவ்வளவு காட்டும் என்று யாருக்குத் தெரியும்? பட்டறையில் மூன்று பேர். அவசரத்தில் ஒருவர் கூட்ட மறப்பார், இன்னொருவர் இரண்டு தரம் கூட்டுவார். கூட்டல் கணக்கோடு வேலை செய்யும் ரெஞ்ச் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே சீராகக் கிளிக் ஆகிற ரெஞ்ச் என்பதால் திருத்தச் செலவு வீண்போகாது என்பதும் தெளிவு. கோயம்புத்தூரில் என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பினோம். வந்த நிலையில் அளந்த எண்களும் திருத்திய பின் அளந்த எண்களும், இரண்டும் சான்றிதழில் வேண்டும் என்று எழுதியே கொடுத்தோம். திருத்திய பின் உள்ளது மட்டும் இருந்தால், இதுவரை என்ன தப்பு நடந்தது என்பது தெரியாமலே போய்விடும்.

கால் இன்ச் ரெஞ்சை வேலையிலிருந்து எடுத்தாயிற்று. கழற்றுவதற்குக்கூட வைத்துக்கொள்ளக் கூடாது என்றேன். கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால் ஒருநாள் யாராவது அதில் 10 வைப்பார்கள்.

புதிதாகக் கால் இன்ச் ரெஞ்ச் வாங்கப் போனபோது கடையில் பார்த்தவை இவை. அடிக்கடி வைக்கப்போகும் 10 என்ற எண் அளவுகோலின் அடிமட்டத்தில் இல்லாமல் கொஞ்சம் உள்ளே விழுகிறதா? பிடியில் பொறித்த வரிசை எண்ணும் சான்றிதழின் எண்ணும் ஒன்றா? சான்றிதழில் மூன்று புள்ளிகளுக்கும் தனித்தனி அளவீடுகள் உண்டா? பூட்டு போட்ட பிறகு எண் நகர்கிறதா? பிடியைச் சுற்றிக் கோட்டில் நிறுத்தும்போது லொடலொட என்கிறதா? இதைப் பிரித்துத் திருத்த முடியுமா, உதிரிபாகம் கிடைக்குமா? கடைசிக் கேள்விக்கு 'முடியாது' என்று பதில் வந்த ரெஞ்சை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நாங்கள் எடுக்கவில்லை. வாங்கிய ரெஞ்ச் முதல் வேலைக்கு முன் வைஸில் எடை தாங்கிப் பார்த்துவிட்டுத்தான் டிராயருக்குப் போனது.

அரை இன்ச் ரெஞ்ச் தொடர்கிறது, 60-க்குக் கீழே வைக்கக் கூடாது என்று பிடியில் பெயின்டால் எழுதி.

## பின்னர் நடந்தது

ஆய்வகத்தின் சான்றிதழ் நாங்கள் எடை தொங்கவிட்டுக் கண்டதை உறுதிசெய்தது. மூன்று புள்ளிகளிலும் 5 நியூட்டன் மீட்டருக்கு மேல் குறைவு. திருத்தும் திருகைச் சரிசெய்த பிறகு எல்லாமே 2 சதவீதத்துக்குள். மழைக்காலம் முடிந்து மறுபடி நாங்களே சோதித்தபோதும் 4 சதவீத எல்லைக்குள் இருந்தது. புதுக் கால் இன்ச் ரெஞ்ச் 10-ல் 9.8-லிருந்து 10.3-க்குள் நிற்கிறது.

பழக்கத்தை மாற்றுவதற்குத்தான் நாள் பிடித்தது. இரண்டாவது கிளிக்கை மூத்தவர் விட்டுவிட்டார். கிளிக் ஆனதும் கையை எடுத்துவிடுவது என்று அவரே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். மாலையில் ரெஞ்சுகளைக் குறைந்த எண்ணுக்கு இறக்கி வைக்கும் வேலை இளைஞருடையது. ரெஞ்சைக் கழற்ற எடுப்பது நின்றுவிட்டது. அதற்கென நீளமான பிடி ஒன்று வாங்கிவிட்டார்கள். சுவரில் ஒரு அட்டவணை தொங்குகிறது: புத்தகத்தில் தனி அளவு இல்லாத இடத்தில் 6 மி.மீ. போல்ட்டுக்கு 10, 8 மி.மீ.-க்கு 22, 10 மி.மீ.-க்கு 34. கீழே பெரிய எழுத்தில், 'முதலில் புத்தகம் பார்'. சில புத்தகங்களில் கிலோகிராம் மீட்டரிலும் சிலவற்றில் அடி பவுண்டிலும் இருப்பதால், 1 கிலோகிராம் மீட்டர் 9.8 நியூட்டன் மீட்டர், 1 அடி பவுண்டு 1.36 நியூட்டன் மீட்டர் என்ற கணக்கும் பக்கத்தில் உண்டு.

எஸ்டேட்காரர் இன்னும் அதே பட்டறைக்குத்தான் வருகிறார். திரும்ப அழைத்ததால் பெயர் கெடவில்லை. போன் வந்தவர்களில் சிலர் அதற்குப் பிறகு பிரேக் வேலைக்கு வேறு எங்கும் போவதில்லை என்றார் உரிமையாளர்.

## இன்னொரு முறை என்றால் மாற்ற வேண்டியவை

ஜாப் கார்டில் எந்த ரெஞ்சால் இறுக்கியது என்று ஒரு கட்டம் இருந்திருந்தால் திரும்ப அழைக்கும் வேலை பாதியாகியிருக்கும். நினைவை வைத்துப் பிரித்ததால் தேவையில்லாத வண்டிகளையும் கூப்பிட வேண்டியிருந்தது. இப்போது கார்டில் அந்தக் கட்டம் இருக்கிறது.

எடை தொங்கவிடும் சோதனை ஆய்வகத்துக்கு மாற்றாகாது. தொங்கும் எடை சாக்கெட்டை ஒரு பக்கமாகக் கீழே வளைக்கவும் செய்கிறது. ஆய்வகக் கருவியில் அந்தச் சிக்கல் குறைவு. 18 சதவீதத் தப்பை இது ஐயமில்லாமல் காட்டும். 4 சதவீதமா 5 சதவீதமா என்ற கேள்விக்கு இதை வைத்துப் பதில் சொல்லக் கூடாது.

ரெஞ்சின் நீளத்தைக் கூட்டும் நீட்டுத் துண்டு மாட்டும் இடங்களையும் முன்பே கவனித்திருக்க வேண்டும். ஒரு வண்டியின் பின் காலிப்பர் போல்ட்டுக்குச் சாக்கெட் நேராகப் போகாது. 5 சென்டிமீட்டர் நீட்டிய துண்டை ரெஞ்சின் நேர்க்கோட்டில் மாட்டித்தான் இறுக்குகிறார்கள். 30 சென்டிமீட்டர் ரெஞ்சில் அது 35 ஆகிறது. 30 நியூட்டன் மீட்டர் வேண்டுமென்றால் ரெஞ்சில் வைக்க வேண்டியது 25.7. அதே துண்டைச் செங்கோணமாகத் திருப்பி மாட்டினால் எதையும் மாற்ற வேண்டாம். இதுவும் இப்போது சுவர் அட்டவணையில் சேர்ந்திருக்கிறது.

ஐஎஸ்ஓ 6789 தரம் 5,000 கிளிக் அல்லது 12 மாதம், எது முதலில் வருகிறதோ அப்போது மறு அளவீடு செய்யச் சொல்கிறது. பட்டறையில் கிளிக்கை யாரும் எண்ண மாட்டார்கள், அதனால் 12 மாதம் என்று வைத்திருக்கிறோம். அடுத்த கோடை விழாக் கூட்டம் தொடங்குவதற்கு முன்பே இரண்டு சிறிய ரெஞ்சுகளும் கோயம்புத்தூர் போய்வர வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை அவற்றை வைஸில் மாட்டி எடை போட்டுப் பார்ப்பது இளைஞரின் பொறுப்பு. எண்களை எழுதி வைக்கும் நோட்டு, ஊசி ரெஞ்ச் தொங்கும் ஆணியிலேயே தொங்குகிறது.